ஐந்து மான்கள்

1621 டிசம்பர் 11 என்று தேதியிட்ட ஒரு கடிதம். எழுதியவர் எட்வர்ட் வின்ஸ்லோ, வயது 26. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் பிளிமத் என்ற இடத்தில் குடியேறி அப்போதுதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இங்கிலாந்தில் இருக்கும் பழைய நண்பருக்கு ஊர்ச் சேதி எழுதுகிறார். குடியிருக்க ஏழு வீடு கட்டியாயிற்று. பொதுக் காரியங்களுக்கு நாலு கட்டடம் எழும்பியிருக்கிறது. இருபது ஏக்கரில் மக்காச்சோளம் போட்டோம், கடவுள் புண்ணியத்தில் நன்றாக வந்தது. ஆறு ஏக்கரில் பார்லியும் பட்டாணியும் விதைத்தோம். பார்லி சுமார், பட்டாணி பூவிலேயே வெயிலில் கருகிவிட்டது, பறிக்கிற அளவுக்குத் தேறவில்லை. அறுப்பு முடிந்ததும் ஆளுநர் நாலு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார். அவர்கள் ஒரே நாளில் அடித்துக்கொண்டு வந்தது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குக் கண்டது. துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. அந்தச் சமயத்தில் பூர்வகுடிகள் பலர் வந்தார்கள். அவர்களுடைய பெரிய ராஜா மாசசோயிட் தொண்ணூறு பேரோடு வந்தார். மூன்று நாள் விருந்து. அவர்கள் வெளியே போய் ஐந்து மான் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அவ்வளவுதான். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கா கொண்டாடும் தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது இந்தச் சில வரிகள்தான். விருந்து எந்தத் தேதியில் நடந்தது என்று கடிதத்தில் இல்லை. வான்கோழி என்ற சொல் இல்லை. நன்றி வழிபாடு நடந்ததாக இல்லை. மக்காச்சோளம் விளைந்ததற்குக் கடவுளுக்குத் துதி இருக்கிறது. ஐந்து மானைச் சுமந்து வந்தவர்களுக்கு ஒரு நன்றிச் சொல் அந்த வரிகளில் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் நியூ ஜெர்சியில் தங்கை மகள் வீட்டில் ஒரு நவம்பர் மாதம் இருந்தேன். அவளுடைய ஆறு வயது மகள் பள்ளியிலிருந்து பழுப்புக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருந்தாள். கட்டைவிரல் வான்கோழியின் தலை, மற்ற நாலு விரலும் தோகை. தோகை ஒவ்வொன்றிலும் தான் யாருக்கு நன்றி சொல்கிறாள் என்று எழுதியிருந்தாள். அம்மா, அப்பா, தம்பி, டீச்சர். "தாத்தா, உங்க பேரு எழுத இடம் இல்ல" என்று வருத்தத்தோடு சொன்னாள். காகிதத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு குழந்தை தனக்கு நல்லது செய்தவர்களை விரல் விட்டு எண்ணியிருக்கிறது. அதைவிட நல்ல பாடம் பள்ளிக்கூடத்தில் வேறு என்ன இருக்க முடியும்? இந்தப் பண்டிகையின் வேரைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தக் காகிதத்தால்தான். படிக்கப் படிக்க என் மனத்தைப் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வி: அந்த நாடு தன் கையை விரித்து வரைந்தபோது எந்தப் பெயர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று?

மேஃபிளவர் என்ற கப்பலில் பிளிமத்துக்கு வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே பாதிப்பேர் இறந்துபோனார்கள். விருந்து நடந்த இலையுதிர் காலத்தில் மிஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர், அதில் பலர் சிறுபிள்ளைகள். வந்திருந்த விருந்தினர் தொண்ணூறு பேர். எண்ணிக்கையில் யார் வீட்டில் யார் விருந்தாளி என்று கேட்கத் தோன்றும். நிலமும் அதையேதான் கேட்கிறது. பிளிமத் என்று இவர்கள் அழைத்த அந்த இடம் வெறும் காடு அல்ல. பட்டுக்செட் என்று ஓர் ஊர் அங்கே இருந்தது. மாசசோயிட்டின் வாம்பனோக் மக்கள் உழுது திருத்திய கொல்லை, நல்ல தண்ணீர் ஓடும் ஓடை எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் இல்லை. 1616 முதல் 1619 வரை ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அந்தக் கரையையே வாரிக்கொண்டு போயிருந்தது. பட்டுக்செட்டில் புதைக்கக்கூட ஆள் இல்லாமல் எலும்புகள் கிடந்தன.

அந்த ஊர்க்காரன் ஒருவன் மட்டும் உயிரோடு இருந்தான். ஊரில் இல்லாததால்தான் இருந்தான். அவன் பெயர் டிஸ்குவாண்டம். 1614இல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் அவனையும் இன்னும் பலரையும் ஏமாற்றிக் கப்பலேற்றி ஸ்பெயினில் மாலகா துறைமுகத்தில் அடிமையாக விற்கக் கொண்டுபோனான். அங்கிருந்து எப்படியோ லண்டன் வந்து, ஒரு வணிகர் வீட்டில் தங்கி, ஆங்கிலம் பேசக் கற்று, கப்பல் பிடித்து 1619இல் ஊர் திரும்பினான். திரும்பியபோது ஊரே இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு அவனுடைய கொல்லையில் வேறு மக்கள் வந்து குடிசை போட்டார்கள்.

அவன் என்ன செய்தான் என்பதுதான் இந்தக் கதையில் என்னைக் கலங்க வைத்த இடம். 1621 வசந்தத்தில் அந்தக் குடியேறிகளிடம் போய், மக்காச்சோளத்தை எப்படி நட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். ஓடையில் மீன் ஏறி வரும் காலம் எது, அந்த மீனைக் குழியில் உரமாகப் போட்டு எப்படி மண் அணைப்பது, எந்த நேரம் விதைப்பது எல்லாம் காட்டினான். தென்னைக்கு மத்தி மீன் போட்ட கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது புரியும். வின்ஸ்லோவின் கடிதத்தைத் திரும்பப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பட்டாணி கருகியது, பார்லி சுமாராக வந்தது, மக்காச்சோளம் காப்பாற்றியது. அந்த மக்காச்சோளத்தின் விதையிலும் ஒரு கதை உண்டு. முந்தைய நவம்பரில் கரை ஒதுங்கிய புதிதில் கேப் காட் மணலில் பூர்வகுடிகள் குழி தோண்டிப் பாதுகாத்து வைத்திருந்த சோளக் கூடைகளைக் கண்டெடுத்து, விதைக்கென்று எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பின்னால் அதற்கு ஈடு கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மாசசோயிட் வந்ததும் அன்பு மட்டும் உந்தி அல்ல. மாசசோயிட் என்பது பெருந்தலைவர் என்ற பட்டம், மனிதரின் பெயர் ஊசமெக்வின். நோயில் தன் மக்களில் பெரும்பகுதியை இழந்தவர். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருந்த நாரகான்செட் மக்களை நோய் தொடவில்லை. அவர்கள் கை ஓங்கியிருந்தது. துப்பாக்கி வைத்திருக்கும் இந்தப் புதியவர்களோடு 1621 மார்ச்சில் ஒருவரை ஒருவர் காப்பது என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். விருந்துக்குத் தொண்ணூறு ஆண்களோடு வந்த தலைவரை இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும். அவர் வேறு யாரும் செய்யாததைச் செய்துவிடவில்லை. பலவீனமான ஒரு பொழுதில் அண்டை வீட்டாரோடு கைகோக்கும் எந்தத் தலைவரும் செய்வதைத்தான் செய்தார். ஆனால் தன் உயிர்நாள் முழுக்க, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

நம்முடைய சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. நன்றி என்றால் இன்று நமக்கு வாயால் சொல்கிற ஒன்று. மேடையில் நன்றியுரை, கடிதத்தின் கடைசியில் நன்றி, வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியிலும் நன்றி. வள்ளுவர் அந்தச் சொல்லை அப்படிப் புழங்கவில்லை. அவருக்கு நன்றி என்பது நன்மை. செய்ந்நன்றி என்றால் பிறர் நமக்குச் செய்த நன்மை. அதைச் சொல்லச் சொல்லவில்லை அவர், அறியச் சொன்னார். அதிகாரத்தின் பெயரே செய்ந்நன்றியறிதல். என் அப்பாத்தா யாருக்கும் நன்றி என்று வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மழை பொய்த்த ஒரு வருஷம் வடக்குத் தெரு வீட்டிலிருந்து இரண்டு மரக்கால் கம்பு வந்ததை, அந்த வீட்டார் ஊரை விட்டுப் போய் முப்பது வருஷம் ஆன பிறகும், நாங்கள் சாப்பிட உட்காரும்போது சொல்வார். யார் கொடுத்தது, எந்தப் பெட்டியில் கொடுத்தது, கொடுத்தபோது அந்த வீட்டுப் பெண் என்ன சொன்னாள் என்பது வரை சொல்வார். அந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் எப்போதோ ஊருக்கு வந்தபோது, இலை போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் யார் என்றே எங்களுக்குச் சொன்னார். அவர் செய்தது அறிதல்.

பரிமேலழகர் இன்னொன்றும் சொல்கிறார். செய்ந்நன்றியறிதலுக்கு அடுத்து நடுவு நிலைமை ஏன் வருகிறது என்பதற்கு, நன்மை செய்தவரை நினைக்கும்போது நடுவு நிலை குலைய இடம் உண்டு, அங்கேயும் குலையக் கூடாது என்பதற்காக அப்படி வைக்கப்பட்டது என்று காரணம் காட்டுகிறார். நன்றி தராசைச் சாய்க்கும் என்று அவர் அஞ்சினார். பிளிமத்தில் அந்தப் பக்கமாகத் தராசு சாயவே இல்லை.

வின்ஸ்லோவும் கூட வந்தவர்களும் பியூரிட்டன் நம்பிக்கைக்காரர்கள். அவர்களுக்கு நன்றி நாள் என்றால் விருந்து அல்ல, வழிபாடு. கிறிஸ்துமஸைக்கூடக் கொண்டாடாதவர்கள் அவர்கள். கஷ்டம் வந்தால் ஒரு நாள் உபவாசம், கஷ்டம் நீங்கினால் ஒரு நாள் ஸ்தோத்திரம், இரண்டுக்கும் சபை கூடி மணிக்கணக்கில் ஜெபம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளின் உபவாசக் கூட்டமும் ஸ்தோத்திரப் பண்டிகையும் தெரிந்தவர்களுக்கு இதன் மணம் பழகியதுதான். அறுப்பின் பண்டிகை நாளில் ஆலய வாசலில் ஏலத்துக்கு வரும் பூசணிக்காயையும் கோழியையும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். 1621 விருந்தை அந்த மக்களே நன்றி நாள் என்று கருதியிருக்க மாட்டார்கள். அவர்கள் கணக்கில் அது 1623இல் வந்தது. இரண்டு மாதம் மழை இல்லை, பயிர் வாடியது. ஒரு நாள் முழுக்க உபவாசமிருந்து மன்றாடினார்கள். மழை இறங்கியது. நன்றி நாள் அறிவித்தார்கள்.

மழைக்குச் சொன்ன நன்றி விரைவிலேயே வெற்றிக்குச் சொல்லும் நன்றியாயிற்று. 1637இல் ஆங்கிலேயக் குடியேறிகள் மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வாட் மக்களின் ஊரைத் தூங்கும் நேரத்தில் வளைத்துத் தீயிட்டார்கள். ஆண், பெண், குழந்தை என்று நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். போர் முடிந்ததும் மாசசூசெட்ஸ் வளைகுடாக் குடியேற்றத்தின் சபைகளில் அந்த வெற்றிக்காக நன்றி நாள் நடந்தது.

பிறகு 1676. ஊசமெக்வின் இறந்துபோயிருந்தார். அவருடைய மகன் மெட்டாகாம் தலைவர். ஆங்கிலேயர் அவரை அரசர் பிலிப் என்று அழைத்தார்கள். நிலம் கை நழுவிக்கொண்டே போவதைப் பொறுக்க முடியாமல் மூண்ட போர் ஓராண்டுக்கு மேல் இரு பக்கத்தையும் சூறையாடியது. ஆகஸ்டு 12 அன்று மெட்டாகாம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 17 பிளிமத்தில் நன்றி நாள். அன்றுதான் அவருடைய தலை ஊருக்குள் வந்தது. அதைக் கழியில் குத்தி நிறுத்தினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே நின்றது. சிறைப்பட்ட அவருடைய சிறுவயது மகனை என்ன செய்வது என்று போதகர்கள் வேத வசனம் காட்டி வாதாடினார்கள். தகப்பன் பாவத்துக்குப் பிள்ளையைக் கொல்லலாம் என்று சிலர் சொன்னார்கள். கருணை காட்டச் சொன்னவரும் ஒருவர் இருந்தார். கடைசியில் அந்தப் பிள்ளை அடிமையாக விற்கப்பட்டான். ஐந்து மான் கொண்டுவந்தவர்களுக்குத் தலைமை தாங்கி வந்தவரின் பேரன் அவன். விருந்துக்கும் இதற்கும் நடுவே 55 ஆண்டுகள்.

இந்த இடத்தில் நம் கரையோடு ஒரு தொடர்பு இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பாஸ்டனில் காட்டன் மாதர் என்ற புகழ்பெற்ற போதகர் இருந்தார். பெரும் படிப்பாளி. கழியில் இருந்த மெட்டாகாமின் மண்டையோட்டிலிருந்து தாடை எலும்பைத் தன் கையால் பிய்த்து எடுத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே மாதர் பிற்காலத்தில் தரங்கம்பாடிக்குக் கடிதம் எழுதினார், சீகன்பால்குக்கு. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த அதே சீகன்பால்கு. அங்கிருந்து பதில் எழுதியவர் அவருடைய தோழர் க்ருண்ட்லர். இந்தக் கடிதங்களைச் சேர்த்து மாதர் 1721இல் பாஸ்டனில் ஒரு நூல் வெளியிட்டார். மேற்கு இந்தியர், கிழக்கு இந்தியர் இருவருக்கும் நற்செய்தி சொல்வது பற்றிய நூல் அது. தாடையைப் பிய்த்த கையும் தரங்கம்பாடிக்கு அன்போடு எழுதிய கையும் ஒன்று. அவர் போலி என்று நான் நினைக்கவில்லை. இரண்டையும் முழு நம்பிக்கையோடு செய்தார். என்னை அச்சுறுத்துவது அந்த நம்பிக்கைதான். நன்றி முழுவதும் மேல்நோக்கியே போய்விட்டால், பக்கத்தில் நிற்கும் மனிதனுக்கு நாம் பட்ட கடன் கண்ணில் படாது.

அமெரிக்கா விடுதலையான பிறகு 1789 நவம்பர் 26 வியாழக்கிழமையை வாஷிங்டன் நன்றி நாளாக அறிவித்தார். புதிய அரசமைப்புக்காக அந்த நன்றி. ஜெபர்சன் அப்படி அறிவிக்கவே மறுத்தார். மக்கள் எப்போது ஜெபிக்க வேண்டும் என்று சொல்வது அரசின் வேலை அல்ல என்பது அவர் கருத்து. மாடிசன் 1815இல் அறிவித்ததோடு வழக்கம் நின்றுபோயிற்று. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் மட்டும் வீட்டுப் பண்டிகையாக அது வளர்ந்தது. வெளியூர் போன பிள்ளைகள் தாய்வீடு திரும்பும் நாள், வான்கோழியும் பூசணிப் பலகாரமும் மேசைக்கு வரும் நாள்.

அதை நாட்டுக்கே பொதுவாக்கியவர் ஒரு விதவை. சாரா ஜோசஃபா ஹேல், 1788இல் நியூ ஹாம்ப்ஷயரில் நியூபோர்ட் என்ற ஊரில் பிறந்தவர். பெண்களுக்குக் கல்லூரி இல்லாத காலம். கல்லூரியில் படித்த அண்ணன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்ததை வைத்துப் படித்தார். 1822இல் கணவர் நிமோனியாவில் இறந்தார். நாலு குழந்தைகள், வயிற்றில் ஐந்தாவது. அன்று உடுத்திய கறுப்பு உடையைச் சாகும்வரை மாற்றவில்லை. பிழைப்புக்குத் தொப்பி தைத்தார், பாட்டு எழுதினார், நாவல் எழுதினார். நம் வீட்டுக் குழந்தைகள் ஆங்கிலப் பள்ளியில் முதலில் கற்கும் அந்த மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டு அவருடையது. 1827இல் வந்த அவருடைய 'நார்த்வுட்' நாவலில் ஓர் அத்தியாயம் முழுக்க நன்றி நாள் விருந்து. மேசையின் தலைமாட்டில் வறுத்த வான்கோழி, சுற்றிலும் இறைச்சியும் காய்களும், கடைசியில் பூசணிப் பலகாரம். இன்று அமெரிக்க வீட்டு மேசையில் இருப்பது பெரும்பாலும் இந்த நாவலின் மேசைதான். 1621இன் மேசை அல்ல.

1837 முதல் நாற்பது ஆண்டுகள் 'கோடிஸ் லேடிஸ் புக்' என்ற பத்திரிகைக்கு அவர் ஆசிரியர். 1860 வாக்கில் அதன் விற்பனை ஒன்றரை லட்சம் பிரதி. 1846இலிருந்து ஆண்டுதோறும் தலையங்கம் எழுதினார். நாடு முழுவதும் ஒரே நாளில் நன்றி நாள் வேண்டும் என்று ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் கைப்படக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். வடக்கும் தெற்கும் அடிமை முறை பற்றிய சண்டையில் பிளந்துகொண்டிருந்த காலம். ஒரே நாளில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தால், எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், பிளவு ஆறும் என்று அந்த அம்மாள் மனதார நம்பினார். வர்ஜீனியாவின் ஆளுநர் 1856இல் மறுத்துவிட்டார். தெற்கத்தியருக்கு அது அடிமை ஒழிப்புக்காரர்களின் வேலையாகத் தெரிந்தது.

இத்தனை பிடிவாதமாக ஒரு நல்ல காரியத்துக்கு உழைத்த மனிதர்கள் குறைவு. அந்தப் பெண்மணியை நான் மதிக்கிறேன். அதனாலேயே இதையும் சொல்கிறேன்: விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் லைபீரியாவுக்குப் போய்க் குடியேறுவதே நல்லது என்று அவர் எழுதினார். நாட்டையே ஒரு மேசைக்கு அழைத்தவர் மனத்தில் அவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

1863 செப்டம்பர் 28 அன்று, 74 வயதில், லிங்கனுக்கு எழுதினார். ஐந்தாம் நாள், அக்டோபர் 3 அன்று, அறிவிப்பு வந்தது. எழுதிக்கொடுத்தவர் வெளியுறவுச் செயலர் சீவார்ட். நவம்பர் கடைசி வியாழன் நன்றி நாள். எந்த ஆண்டு என்று பாருங்கள். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் மூன்றே நாளில் செத்தவர், காயப்பட்டவர், காணாமல் போனவர் ஏறக்குறைய 51,000 பேர். அந்த வயலில் கல்லறைத் தோட்டத்தைத் திறந்துவைத்து லிங்கன் பேசியது நவம்பர் 19. நன்றி நாள் நவம்பர் 26. ஒரு வாரம். வயல் விளைந்தது, சுரங்கம் சுரந்தது, குடியிருப்புகளின் எல்லை விரிந்தது என்று அறிவிப்பு நன்றி சொல்கிறது. பிறகு குரல் தாழ்ந்து, நாட்டின் பிழைகளுக்காக வருந்தச் சொல்கிறது. கணவனை இழந்தவர்களையும் அநாதைகளையும் நினைக்கச் சொல்கிறது. இழவு விழுந்த வீட்டில் முதல் பொங்கல் வைக்கத் தயங்கி நிற்கும் ஒரு தாயைத் தெரிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பின் கனம் புரியும்.

அதில் பிளிமத் இல்லை, மேஃபிளவரில் வந்த யாத்திரிகர் இல்லை, பூர்வகுடிகள் இல்லை. விரிந்த எல்லைக்கு நன்றி இருக்கிறது. அந்த எல்லை யார் மேல் விரிந்தது என்பது இல்லை. முந்தைய டிசம்பர் 26 அன்றுதான் மினசோட்டாவில் மாங்காட்டோ என்ற ஊரில் டகோட்டா மக்கள் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டிருந்தார்கள். 303 பேருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையில் பெரும்பாலானவற்றை லிங்கன்தான் நிறுத்தினார். மிஞ்சியதற்குக் கையெழுத்திட்டவரும் அவர்தான்.

அப்படியானால் ஐந்து மான் விருந்து எப்போது கதைக்குள் வந்தது? ஓர் அடிக்குறிப்பில். 1841இல் பாஸ்டன் போதகர் அலெக்சாண்டர் யங் பழைய பிளிமத் ஆவணங்களைத் தொகுத்துப் பதிப்பித்தார். வின்ஸ்லோவின் கடிதத்தை அச்சிட்டு, அதன் அடியில், இதுவே முதல் நன்றி நாள் என்று ஒரு குறிப்பு எழுதினார். 220 ஆண்டு கழித்து ஒரு பதிப்பாசிரியர் போட்ட குறிப்பு அது. 1856இல், லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்ட, பிளிமத் ஆளுநர் பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி அச்சானது. அந்த இலையுதிர் காலத்தில் காட்டு வான்கோழி ஏராளம் என்று அதில் ஒரு வரி. குறிப்பும் வரியும் சேர்ந்து கதை உருவாயிற்று. உ.வே.சாமிநாதையரின் அடிக்குறிப்புகளோடு வளர்ந்த நமக்கு ஓர் அடிக்குறிப்பின் பலம் புதிதல்ல. ஆனால் ஒரு தேசியப் பண்டிகையே அதிலிருந்து கிளம்பும் என்று நான் நினைத்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வந்திறங்கியபோது, அவர்கள் பிள்ளைகளை அமெரிக்கராக்கப் பள்ளிக்கூடங்கள் இந்தக் கதையைக் கையில் எடுத்தன. கப்பலில் வந்தவர்களின் கதை, கப்பலில் வந்த பிள்ளைகளுக்கு. அதில் ஒரு நியாயம் இருந்தது. ஜென்னி பிரவுன்ஸ்கோம்ப் 1914இல் வரைந்த ஓவியம் பாடநூல்களில் ஏறியது. அதில் யாத்திரிகர்கள் மேசையில் இருக்கிறார்கள், பூர்வகுடிகள் ஒரு சிறு கூட்டமாக ஒதுங்கியிருக்கிறார்கள். தலையில் எங்கோ மேற்குச் சமவெளிப் பழங்குடிகள் அணியும் இறகுக் கிரீடம். தொண்ணூறு பேர் சிறு கூட்டமானது இப்படித்தான். 1939இல் கடைக்காரர்களுக்காக ரூஸ்வெல்ட் நாளை ஒரு வாரம் முன்னே தள்ளியதும், சச்சரவாகி 1941இல் நாலாவது வியாழன் என்று சட்டம் வந்ததும் விவரமாகச் சொல்லத் தேவையில்லாதவை.

1970இல் மேஃபிளவர் வந்து 350 ஆண்டு நிறைவு. மாசசூசெட்ஸில் அரசு விருந்து. வாம்பனோக் சார்பில் பேச வம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற இசை ஆசிரியரை அழைத்தார்கள். பேச்சை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தார்கள். தோண்டப்பட்ட கல்லறைகள், எடுத்துச் செல்லப்பட்ட சோளம், பிடித்து விற்கப்பட்ட மனிதர்கள், எல்லாம் அதில் இருந்தன. ஊசமெக்வின் அன்று வந்தவர்களை வரவேற்றது ஒருவேளை எங்கள் மிகப் பெரிய தவறாக இருக்கலாம் என்றும் இருந்தது. விழாவின் கருத்து சகோதரத்துவம், இது பொருந்தாது என்று சொல்லி வேறு பேச்சு எழுதிக்கொடுத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். அந்த நவம்பரில் பிளிமத்தின் கோல்ஸ் குன்றில், ஊசமெக்வின் சிலைக்குப் பக்கத்தில் அவரும் பூர்வகுடியினர் பலரும் கூடினார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும், நாடு மேசைக்கு உட்காரும் அதே வியாழக்கிழமை, அங்கே தேசியத் துக்க நாள். பலர் அன்று உண்ணாமல் வருகிறார்கள்.

வாம்பனோக் மக்கள் நன்றியை வெறுப்பவர்கள் அல்லர். ஆண்டுக்கு ஒரு நாள் என்று அதை வைத்துக்கொள்ளும் வழக்கம்தான் அவர்களிடம் இல்லை. ஸ்ட்ராபெர்ரி பழுத்தால் நன்றி, சோளம் முற்றினால் நன்றி என்று பருவத்துக்குப் பருவம் நடக்கும். அவர்களுடைய மொழி நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேச ஆளில்லாமல் கிடந்தது. ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற மாஷ்பி வாம்பனோக் பெண் 1993இல் அதை மீட்கும் வேலையைத் தொடங்கினார். மதம் மாற்ற 1663இல் அச்சிட்ட ஜான் எலியட்டின் பைபிள்தான் அவருக்கு முதன்மையான சான்று நூல். அத்தோடு அவருடைய முன்னோர் தம் மொழியிலேயே எழுதிவைத்த நிலப்பத்திரங்களும் கடிதங்களும். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தால் பயன் கண்ட நமக்கு, பிறர் நோக்கத்துக்காக அச்சான புத்தகம் நம் மொழிக்குக் கைகொடுப்பது என்ன என்று தெரியும். பேர்டின் மகள் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தாள்.

அந்த நியூ ஜெர்சிப் பேத்தி இப்போது உயரமாகிவிட்டாள். போன நவம்பரில் தொலைபேசியில் டிஸ்குவாண்டம் பற்றிச் சொன்னேன். மீன் உரம், கருகிய பட்டாணி, ஐந்து மான். அமைதியாகக் கேட்டுவிட்டு, "இப்ப அவங்க எல்லாம் எங்க இருக்காங்க, தாத்தா?" என்றாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். மாஷ்பி வாம்பனோக் மக்களை ஒரு பழங்குடி என்று அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது 2007இல். அவர்களுக்கென்று நிலத்தைப் பொறுப்பில் எடுத்தது 2015இல். மேஃபிளவரின் நானூறாம் ஆண்டான 2020இல், மார்ச் மாதம், அந்த ஏற்பாட்டைக் கலைக்க உத்தரவு போட்டது. நீதிமன்றம் தடுத்தது. 2021 டிசம்பரில் நிலம் அவர்களுடையதுதான் என்று உறுதியானது. மாஷ்பியிலும் டான்டனிலுமாகச் சேர்த்து அது 321 ஏக்கர்.